கடைமடையில் நின்று பார்த்தால்: கொரோனாவை எந்த நாடு சரியாகக் கையாண்டது?

கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “கொரோனாவைச் சமாளித்ததில் எந்த நாட்டின் திட்டம் சிறந்தது? ஊரடங்கே போடாத ஸ்வீடன்தான் கடைசியில் வென்றது என்கிறார் எங்கள் ஆசிரியர். என் நண்பன் நியூசிலாந்து என்கிறான். இந்தியாவை எந்த இடத்தில் வைக்கலாம்? பட்டிமன்றத்துக்காகக் கேட்கிறேன்.”

தம்பி, மன்னார்குடிக்குத் தெற்கே முப்பது ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்துவிட்டு, இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு பணி ஓய்வு பெற்றவன் நான். தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்துக் கொசுப்புழு தேடியதும், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் அளவு பார்த்ததும்தான் என் அனுபவம். மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வது ஓய்வில் உட்கார்ந்து வாசித்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மேட்டூரைத் திறந்த அன்றே பாசனம் நன்றாக நடந்தது என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். பிறகு வெண்ணாறு, அதன் கிளைகள், வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி முத்துப்பேட்டை, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வயலில் கால் நனைந்த பிறகுதான், பாசனத்தின் கடைசி வயலுக்குச் சொந்தக்காரரான கடைமடைக்காரர் வாயைத் திறப்பார். எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தி அவருக்குக் கணக்கில்லை. எந்த நாட்டின் கொரோனாத் திட்டத்தைப் படித்தாலும் எனக்கும் அந்தப் புத்திதான் வருகிறது. தலைமடையில் என்ன அறிவித்தார்கள் என்பதைவிட, கடைசி வயல் யாருடையது, அங்கே என்ன போய்ச் சேர்ந்தது என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் கணக்கு விவகாரம். நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அரசு அறிவித்த கொரோனா மரணங்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சோதனை செய்யாத நாட்டில் நோயாளியே இல்லை. நோயாளி இல்லாத இடத்தில் மரணமும் இல்லை. ஆகவே விவரம் அறிந்தவர்கள் பார்ப்பது கூடுதல் மரணத்தை. ஒரு மாவட்டத்தில் வழக்கமாக மாதம் 1,000 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் 1,600 பேர் இறந்தால், சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தாலும் மூச்சுத்திணறல் என்று எழுதியிருந்தாலும் 600 பேர் கூடுதல்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் 1.49 கோடிப் பேர் கூடுதலாக இறந்ததாகச் சொன்னது. நாடுகள் அறிவித்த எண்ணிக்கையோ 54 லட்சம். இந்தியாவுக்கு மட்டும் அந்த மதிப்பீடு 47 லட்சம்; நம் அரசின் கணக்கு 5 லட்சத்துக்கும் கீழே. அந்தக் கணக்கீட்டு முறையையே ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 2021 மே மாதம் என் எல்லைக்குட்பட்ட ஊர்களில் சளி மாதிரி எடுக்கும் முன்பே போனவர்கள் பலர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நான் தினமும் டைரி எழுதுகிறவன். அதில் மட்டும் இருக்கிறார்கள். பெரிய நகரமும் விதிவிலக்கல்ல: சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களைத் தமிழ்நாடு அரசே 2020 ஜூலையில் ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது.

இனி ஸ்வீடன். அதைப் பற்றித்தான் அரைகுறைக் கதை அதிகம் உலவுகிறது. அவர்கள் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2020 மார்ச் கடைசியில் 50 பேருக்கு மேல் கூடத் தடை விதித்தார்கள். உயர் வகுப்புகளையும் பல்கலைக்கழகங்களையும் இணையவழிக்கு மாற்றினார்கள். சிறு பிள்ளைகளின் பள்ளிகளை மட்டும் மூடவில்லை. முடிவுகளின் முகமாக இருந்தவர் அமைச்சர் அல்ல, ஆண்டர்ஸ் டெக்னெல் என்ற தொற்றுநோய் நிபுணர். நிபுணர் அமைப்பிடம் பொறுப்பை விட்டுவிடுவது அந்த நாட்டு மரபு. இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அங்கே உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தால் முதல் நாள் ஊதியத்தில் பிடித்தம் உண்டு. அந்த இழப்பை 2020 மார்ச்சிலேயே அரசு ஏற்றுக்கொண்டது. காய்ச்சல்காரரை வீட்டில் உட்கார வைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? போலீஸ் தடியே வேண்டியதில்லை. அத்துடன் அங்கே பத்து வீடுகளில் நான்குக்கு மேல் ஒற்றை ஆள் வசிக்கும் வீடுகள். ஒரே கூடத்தில் பாட்டி முதல் பேரன் வரை ஏழு பேர் பாய் விரித்துப் படுக்கும் நம் வீட்டில் “தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்” என்று நான் சொன்னபோது, ஒரு அம்மா, “எந்த மூலையில், சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன்.

அப்படிப்பட்ட ஸ்வீடனிலும் கடைமடை காய்ந்தது. முதல் அலையில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் தற்காலிகப் பணியாளர்கள் அங்கே அதிகம். இந்தக் குறைகள் பல காலமாக எல்லோருக்கும் தெரிந்தவைதான் என்று அவர்களுடைய கொரோனா விசாரணைக் குழுவே 2020 டிசம்பரில் சொன்னது. “நாம் தோற்றுவிட்டோம்” என்று அந்நாட்டு மன்னர் வெளிப்படையாகச் சொன்னதும் அதே மாதம்தான். ஒரு கோடிப் பேர் கொண்ட ஸ்வீடனில் அந்த ஆண்டு முடிவில் ஏறக்குறைய 9,000 மரணம். அதில் பாதி மக்கள்தொகை கொண்ட அண்டை நாடான நார்வேயில் 500கூட இல்லை. ஆனால் 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளையும் சேர்த்துக் கூடுதல் மரணத்தைப் பார்த்தால், ஐரோப்பாவில் மிகக் குறைவாக இழந்த நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. உங்கள் ஆசிரியர் இந்த இரண்டாவது உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். விசாரணைக் குழுவின் 2022ஆம் ஆண்டு இறுதி அறிக்கை இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது: கட்டாய ஊரடங்கு போடாதது அடிப்படையில் சரி, தொடக்கத்தில் எடுத்த நடவடிக்கைகள் குறைவு, தாமதம்.

நியூசிலாந்தின் கதை நேர்மாறானது. 2020 மார்ச் 19இல் வெளிநாட்டினருக்கு எல்லையை மூடி, 25ஆம் தேதி இரவு முழு ஊரடங்குக்குள் போய், ஜூன் 8இல் நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லை என்று அறிவித்தார்கள். சுற்றிலும் கடல், 50 லட்சம் மக்கள் என்று இதைச் சாதாரணமாகத் தள்ளிவிடுகிறார்கள். பிரிட்டனும் தீவுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர்களும் விலை கொடுத்தார்கள்: வெளிநாட்டில் சிக்கிய சொந்தக் குடிமக்கள், தனிமைப்படுத்தும் ஓட்டலில் ஓர் அறைக்காக மாதக்கணக்கில் குலுக்கலில் காத்துக்கிடந்தார்கள். ஆக்லாந்து நகரம் 2021இல் மூன்று மாதத்துக்கு மேல் பூட்டிக்கிடந்தது. அந்த அக்டோபரில், வைரஸை அடியோடு ஒழிக்கும் கொள்கையைக் கைவிட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தபோது பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டிருந்தார்கள்.

இங்கேதான் ஹாங்காங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகள் வைரஸை வாசலிலேயே நிறுத்தியது. அதுவரை இருநூற்றுச் சொச்சம் மரணம்தான். 2022 பிப்ரவரியில் ஓமிக்ரான் என்ற உருமாறிய வைரஸின் அலை எழுந்தபோது, 80 வயது கடந்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டு தவணை போட்டிருக்கவில்லை. மார்ச் முடிவதற்குள் 7,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஷட்டரை இறக்குவது ஒரே மாதிரிதான். இறக்கி வைத்த நாட்களில் கீழே கரையைப் பலப்படுத்தினார்களா என்பதில்தான் வித்தியாசம். சீனாவுக்கும் இதே பாடம்தான், அளவு பெரிது. 1.1 கோடிப் பேர் கொண்ட வூகானை 76 நாட்கள் மூடியது. 2022இல் ஷாங்காய் மக்களை இரண்டு மாதம் வீட்டில் பூட்டியது. பிறகு அந்த ஆண்டு டிசம்பரில், முதியவர்களில் கணிசமானோர் ஊக்கத் தவணை போடாத நிலையில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தளர்த்தியது. அதன்பின் வந்த மரணங்களின் முழுக் கணக்கு வெளியே வரவில்லை.

தென் கொரியாவையும் தைவானையும் நான் தண்ணீர் வருமுன்பே தூர்வாரிய நாடுகள் என்பேன். தண்ணீர் திறந்த பிறகு பொக்லைன் இறக்குவது நம் பக்கத்துப் பழைய வயிற்றெரிச்சல் அல்லவா? கொரியா 2015இல் மெர்ஸ் நோயில் 38 பேரை இழந்து அவமானப்பட்டது. அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி, அவசரக் காலத்தில் சோதனைக் கருவிக்கு விரைந்து அனுமதி தர வழி செய்து வைத்தது. 2020 ஜனவரி 20இல் முதல் நோயாளி. பிப்ரவரி முதல் வாரத்திலேயே தனியார் தயாரித்த சோதனைக் கருவிக்கு அனுமதி. தேகு நகரில் ஒரு மதக் குழுவினரிடையே தொற்று வெடித்தபோது ஆயிரக்கணக்கில் சோதிக்க முடிந்தது அதனால்தான். நாடு தழுவிய ஊரடங்கு அங்கே வரவேயில்லை. தைவானோ 2003இல் சார்ஸ் நோயில் சூடுபட்டது. 2019 டிசம்பர் 31ஆம் தேதியே வூகானிலிருந்து வந்த விமானங்களில் ஏறிப் பயணிகளைச் சோதிக்கத் தொடங்கியது. முகக்கவசத்தைக் காப்பீட்டு அட்டைக்கு இத்தனை என்று ரேஷன் முறையில் கொடுத்தது.

கொரியாவின் வழியில் எனக்கு உறுத்துவதும் ஒன்று உண்டு. நோயாளி எந்தக் கடைக்குப் போனார், எந்த ஓட்டலில் இருந்தார் என்பதைக் கடன் அட்டை, கைபேசி, கேமராப் பதிவுகளைக் கொண்டு கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். பிறகு விவரங்களைக் குறைத்துக்கொண்டார்கள். நாமும் யோக்கியம் இல்லை. வீட்டு வாசலில் தகரம் அடித்து, நோட்டீஸ் ஒட்டினோம். நானே நின்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தகரத்தைப் பார்த்துப் பயந்து அடுத்த தெருவில் காய்ச்சலை மறைத்தார்கள் என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். மறைத்தவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டு வருகிறவர்.

சிங்கப்பூரைப் பற்றி நம் பக்கத்து ஆள் பேசாமல் யார் பேசுவது? மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பகுதியில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத தெரு குறைவு. 2020 பிப்ரவரி, மார்ச்சில் உலகமே அந்த நாட்டைப் பாராட்டியது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பதில் அவ்வளவு நேர்த்தி. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்போது அங்கே கட்டடவேலை. மார்ச் கடைசியில் வாட்ஸ்அப்பில் பேசும்போது, “சித்தப்பா, ஊரில்தான் பயம், இங்கே ஒன்றுமில்லை” என்றான். அவன் அறையில் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில், ஒரு மாடிக்குச் சேர்த்துக் கழிப்பறை. ஏப்ரலில் விடுதிகளில் தொற்று பரவி, நாட்டின் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் விடுதித் தொழிலாளர்கள் என்று ஆனது. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் தங்கியிருந்த விடுதிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்று 2020 டிசம்பரில் அந்த அரசே வெளியிட்டது. நகரத்துக்கு ஒரு திட்டம், விடுதிக்குத் திட்டமில்லை. வைரஸுக்கு அந்த வேலி தெரியவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விடுதிகளில் இறந்தவர்கள் மிகச் சிலரே. இளவயது ஒரு காரணம். பரிசோதனையும் இலவச சிகிச்சையும் விரைந்து கிடைத்தது மற்றொரு காரணம். தவறு தெரிந்ததும் மறைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நகர மக்கள் கடைவீதிக்குப் போக ஆரம்பித்து வெகுகாலம் ஆன பின்பும் எங்கள் பையன் வேலைத்தளம், விடுதி, லாரி என்றுதான் இருந்தான். ஊருக்குத் திரும்பி வந்து வீடு கட்டினான். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்வீடனைக் காட்டி ஊரடங்கே வீண் என்பவர்களுக்கும், ஊரடங்கு போட்டால் போதும் என்பவர்களுக்கும் சேர்த்து நான் காட்டுவது பெரு நாட்டை. தென் அமெரிக்காவில் முந்திக்கொண்டு, 2020 மார்ச் 16இலேயே கடுமையான ஊரடங்கு போட்ட நாடு அது. ராணுவம் தெருவில் நின்றது. இருந்தும் மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக அதிகமாக இறந்தவர்கள் அங்கேதான். 2021 மே கடைசியில் தங்கள் கணக்கைத் திருத்தியபோது 69,000 என்றிருந்த எண்ணிக்கை 1.8 லட்சமாயிற்று. கணக்கைத் திருத்தும் நேர்மை இருந்தது என்பது வேறு விஷயம். என்ன நடந்தது? பாதி வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இல்லை. ஆகவே தினமும் சந்தைக்குப் போனார்கள். உழைக்கிறவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலி. அரசு உதவித்தொகை அறிவித்தது. வங்கிக் கணக்கு இல்லாத மக்கள் அதை வாங்க வங்கி வாசலில் முண்டியடித்தார்கள். உதவியே நோயைப் பரப்பும் வரிசையாயிற்று. ஆக்சிஜனும் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு 2020 ஏப்ரலில் நம் ரேஷன் கடைகள் நினைவுக்கு வந்தன. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். அதற்கு முன் நாளும் நேரமும் எழுதிய டோக்கன் கொடுக்கப்பட்டது. கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். வட்டத்துக்குள் ஆள் நிற்காமல் பையையும் கல்லையும் வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் கூடிப் பேசியவர்கள் உண்டு. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் பெருவில் நடந்தது இங்கே நடக்கவில்லை. பல பத்தாண்டுகளாக ஊர்தோறும் இருக்கும் ஒரு ரேஷன் கடை, ஒரு கிராம சுகாதார செவிலியர், ஓர் அங்கன்வாடி ஊழியர்: எந்த நிபுணர் குழுவும் பெருந்தொற்று வந்த பிறகு உட்கார்ந்து இவற்றை உண்டாக்க முடியாது. சென்னை மாகாணம் 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றியதும், நோய்த்தடுப்புக்கென்று தனி இயக்ககம் இங்கே இருப்பதும் பழைய தூர்வாரல்தான்.

இந்தியாவுக்கு வருகிறேன். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நாட்டை மூடியதை நான் ஏற்கவில்லை. மூடியதை அல்ல, மூடிய விதத்தை. நடந்தே ஊர் திரும்பிய வடமாநிலத் தொழிலாளர்கள் நம் கடைமடை. சிறப்பு ரயில் மே 1இல்தான் கிளம்பியது. விவசாய வேலைகளுக்கு விலக்கு அளித்தார்கள். அதனால் குறுவை நெல் சாகுபடி நின்றுபோகவில்லை. அந்த ஜூன் 12இல் மேட்டூர் உரிய தேதியில் திறந்ததும் நல்லதாயிற்று. ஆனால் வாங்க ஆளில்லாமல் திருவையாற்றுப் பக்கம் வாழைத்தார் மரத்திலேயே பழுத்தது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி மே 5இல் அதை மூடியபோது, சுமை தூக்கப் போனவர்களும் காய்கறி லாரிக்காரர்களும் அரியலூர், கடலூர் என்று ஊர் ஊராகத் திரும்பினார்கள். எங்களுக்கும் இரவு பதினோரு மணிக்குப் பட்டியல் வரும். விடிவதற்குள் வீடு கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த மாதங்களில் கிடைத்த அவகாசத்தைத் தமிழ்நாடு முற்றிலும் வீணாக்கவில்லை. ஆய்வகங்களைப் பெருக்கி, விரைவுச் சோதனையை நம்பாமல் ஆர்.டி.பி.சி.ஆர் சோதனையையே பிடித்துக்கொண்டது. வீணாக்கியது 2021இன் முதல் மூன்று மாதங்களை. அது நாடு முழுவதும் நடந்த தவறு. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் பள்ளி பள்ளியாகத் தொற்று தெரியவந்தபோதே எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. தெருவிலோ தேர்தல் கூட்டம். ஏப்ரல் 6இல் வாக்குப்பதிவு. மே மூன்றாம் வாரத்தில் மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்குத் தொற்று. ஆம்புலன்சுக்குள்ளேயே மணிக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்தேன். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, அங்கிருந்த செவிலியர்கள் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

தடுப்பூசி தயாரித்ததில் இந்தியாவுக்கு முழு மதிப்பெண் போடலாம். விநியோகத்தில் குறைக்க வேண்டும்: 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசியை மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று அந்த மே மாதம் விட்டுவிட்டு, ஜூனில் மாற்றிக்கொண்டார்கள். செப்டம்பர் 12இல் தமிழ்நாட்டில் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போட்டபோது, எட்டு மாதத்துக்கு முன் இப்படி நடந்திருந்தால் என்று நினைக்காத களப்பணியாளர் இல்லை.

ஆகவே தம்பி, வரிசை எண் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது; கட்டாயப்படுத்தினால் முன்தயாரிப்புக்குத் தைவானையும் கொரியாவையும், உயிர் காத்ததற்கு நியூசிலாந்தையும், தன் தவறைத் தானே விசாரித்து எழுதி வைத்ததற்கு ஸ்வீடனையும் சொல்வேன். ஸ்வீடன் அணிக்காரர் எழுந்தால், காய்ச்சல் விடுப்புக்கு ஊதியம் தரும் ஊரில் நடந்ததை, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத ஊருக்கு எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று கேளுங்கள். நியூசிலாந்து அணியிடம் எல்லையை மூடியதைப் பற்றிக் கேட்காதீர்கள். மூடியிருந்த நாட்களில் தடுப்பூசி யாருக்கு முதலில் போனது என்று கேளுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். 2021ஆம் ஆண்டு டைரியைக் காட்டுகிறேன். பெயர்களைக் கையால் மறைத்துக்கொள்வேன். மே மாதப் பக்கங்களில் எத்தனை வரி இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.